வன்னியில் கொட்டிலுக்குள் இருந்து பறவைப் படம் எடுப்பது: கூட்டமாக வருகிறவர்களுக்கு

லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் என்னிடம் கேட்டது கலியாண அல்பமும் சாமத்தியவீட்டு வீடியோவும்தான். கிளிநொச்சியில் சின்ன ஸ்ரூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஆறேழு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணை, எங்களைக் குருவி எடுக்கக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று நிற்கிறார்கள். சென்னையில் இருந்து பலாலிக்கு நேரே விமானம் வருவதால் தமிழ்நாட்டுக்காரரும் வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வன்னிக்குக் கூட்டமாக வாருங்கள், கொட்டிலுக்குள் கூட்டமாகப் போகாதீர்கள்.

கொட்டில் என்று நான் சொல்வது பறவையின் கண்ணில் படாமல் இருந்து படம் எடுக்கிற மறைப்பை. ஐரோப்பாவில் மரத்தால் கட்டி, கண்ணாடி போட்டு, கதிரை வைத்து நாள் வாடகைக்கு விடுகிறார்கள் என்று வருகிறவர்கள் படம் காட்டுவார்கள். நான் கூட்டிப்போவது அப்படியான இடத்துக்கு அல்ல. இங்கே பன்றிக்கும் யானைக்கும் வயல் காவல் இருக்கக் கொட்டில் கட்டுவார்கள், மரத்தில் பரண் போடுவார்கள். அந்தக் கைகளைப் பிடித்துத்தான் நான் பறவைக்குக் கட்டுவிக்கிறேன்.

எந்த மாதம்

மார்கழி லீவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் கூட. பிள்ளைகளுக்கு அப்போதுதானே பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் ஐப்பசியில் இருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. குளங்கள் நிரம்பி வழியும், வயல் ஒழுங்கையில் வாகனம் புதையும், பாதி நாள் வெயிலே எறிக்காது. தைப்பொங்கல் கழித்து வந்தால் மழை ஓய்ந்திருக்கும். வடக்கே இருந்து வலசை வந்த ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன் எல்லாம் பங்குனி வரை நிற்கும். மழைக்கு விதைத்த காலபோக நெல்லும் மாசி, பங்குனியில்தான் வெட்டுவார்கள்.

மற்றக் காலம் ஆனியில் இருந்து புரட்டாதி வரை. அப்போது வலசைப் பறவை குறைவு, வெக்கை தாங்கேலாது, ஆனாலும் எனக்குப் பிடித்த காலம் அதுதான். குளங்கள் வற்றி நடுவில் சேறும் ஒரு குட்டையுமாக வந்துவிடும். மீன் எல்லாம் அதற்குள் அடைபடும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நத்தைகொத்தி, கொக்கு எல்லாம் அந்தக் குட்டையைச் சுற்றி அடிபடும். தை மாதத்தில் குளம் முழுக்கப் பரந்து நிற்கிற பறவையை ஆடியில் ஒரே கொட்டிலுக்கு முன்னால் எடுக்கலாம். வெளிநாட்டுக் கோடை லீவும் அப்போதுதான் வரும்.

நாள் குறிக்கும்போது ஊர்க் கலண்டரையும் பாருங்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்தக் கிழமை மன்னார்ப் பக்கம் தங்க அறை கிடையாது, வீதியும் நெரியும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் நந்திக்கடல் கரை முழுக்கச் சனம். மே 18 வருகிற கிழமையில் முள்ளிவாய்க்கால் பக்கம் நீட்டு லென்ஸோடு யாரும் திரிய வேண்டாம். போரில் செத்த தங்கள் பிள்ளைகளுக்குச் சனம் விளக்கேற்ற வருகிற நாட்கள் அவை. அந்தக் கிழமை எந்தக் கூட்டத்தையும் நான் ஏற்பதில்லை.

எங்கே போடலாம், எங்கே போடேலாது

பெயர் கேட்டு வருகிற இடங்களில் சொந்தக் கொட்டில் போடேலாது என்பதை முதலே விளங்கிக்கொள்ளுங்கள். சுண்டிக்குளம் 1938 இல் பறவைச் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவானது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு, அவர்கள் சொல்கிற பாதையால் போய்வரலாம், அவ்வளவுதான். கொக்கிளாய்க் களப்பு 1951 இல் இருந்தே சரணாலயம். மன்னார் வங்காலை 2008 இல் சரணாலயமாகி 2010 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 4,839 ஹெக்டேயர் வெட்டை வெளி. அங்கே கொட்டில் போட்டால் பத்து மைலுக்கு அப்பால் நிற்கிறவனுக்கும் தெரியும்.

ஆகவே நான் தேடுவது ஊர்க் குளத்தின் வயல் பக்கம், தனியார் காணி, காட்டோரத் தோட்டம். காணிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். குளத்து ஓரமென்றால் கமக்காரர் அமைப்பிடமும், அங்கே மீன்பிடிக்கிற சங்கத்திடமும் கேட்க வேண்டும். கிராம சேவையாளர் காதிலும் ஒரு சொல் போட்டுவைப்பது நல்லது. விடிய இருட்டில் ஆறேழு அந்நிய ஆட்கள் ரோச் லைட்டோடு குளக்கட்டில் நடந்தால் ஊர் சும்மா இராது. இந்தக் கேட்கிற வேலையை வருகிறவர்கள் செய்ய முடியாது. உள்ளூர் ஆள்தான் செய்ய வேண்டும். அதற்குக் காசு கொடுக்கத் தயங்காதீர்கள்.

இனிச் சொல்வதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையையும் சிவப்புத் தடியையும் கண்டால் அதோடு நில்லுங்கள். பலகை இல்லாத இடத்திலும் என் கட்டளை ஒன்றுதான்: மாடும் மனிசரும் அன்றாடம் மிதிக்கிற தடத்தை விட்டு ஒரு அடி விலகக்கூடாது. நல்ல வெளிச்சம், நல்ல மரக்கொப்பு, மீன்கொத்தி இருக்கிறது என்று பற்றைக்குள் காலை வைக்கிறவரை நான் அடுத்த நாள் கூட்டிப்போக மாட்டேன். இந்த வருசம் உழுத வயலும், மாடு மேய்கிற குளக்கரையும் இருக்கிறபோது தெரியாத மண்ணை ஏன் மிதிக்க வேண்டும்?

உடுப்பும் அப்படித்தான். படையினரின் உடுப்பைப் போலப் பச்சைப் புள்ளி போட்ட சட்டை, தொப்பி, வலை, கூடாரம் என்று வெளிநாட்டுக் கடைகளில் பறவைக்காரருக்கு விற்பார்கள். அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். இங்கே அதைப் போட்டால் கேள்வி வரும், ஊர்ச்சனத்துக்கும் மனம் சுருக்கென்னும். மண்ணிறச் சட்டை போதும். ட்ரோன் கொண்டுவர நினைக்கிறவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிய வேண்டும். பறவைக்கு மேல் அதைப் பறக்கவிடுவதை நான் எப்படியும் விடமாட்டேன்.

காற்றும் வெயிலும்

கொட்டிலை எந்தத் திசை பார்க்கப் போடுவது என்பதில்தான் முக்கால்வாசிப் படம் இருக்கிறது. வெயில் முதுகில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடியக் கொட்டில் என்றால் முதுகு கிழக்கே, முகம் மேற்கே. ஆனால் வருகிறவர்கள் காற்றைப் பார்ப்பதில்லை. பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்துத்தான் கிளம்பும், நிற்கும்போதும் செட்டை கலையாமல் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும்.

கார்த்திகையில் இருந்து மாசி வரை இங்கே வாடை. அது வடகிழக்கில் இருந்து வரும். விடிய நீங்கள் கிழக்கே முதுகு வைத்து இருக்கிறீர்கள். பறவை வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது, அதாவது உங்கள் பக்கம், கொஞ்சம் வலது சாய்வாக. இறங்குகிற நாரையும் தென்மேற்கில் இருந்து உங்களை நோக்கிச் செட்டையை விரித்துக்கொண்டு வரும். வெயில் முகத்தில், கண் தெளிவாக, காலை நீட்டியபடி. இதைவிட வேறென்ன வேண்டும்? தை, மாசியில் விடியப்புறத்தை நான் விடாததற்குக் காரணம் இதுதான்.

வைகாசி பிறந்தால் சோளகம் வந்துவிடும், தென்மேற்கில் இருந்து. அதே விடியக் கொட்டிலில் இருந்தால் எல்லாப் பறவையும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆடி மாதம் வந்த கூட்டம் ஒன்று, தை மாதம் வந்தவர்கள் சொன்ன கொட்டில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். இருத்திவிட்டேன். மத்தியானம் கமராவைப் பார்த்து, "என்ன அண்ணை, எல்லாம் வாலாய்க் கிடக்குது" என்றார்கள். பிறகு பின்னேரக் கொட்டிலுக்கு மாற்றினேன்: முதுகு மேற்கே, முகம் கிழக்கே. நாலரைக்குப் பிறகு வெயில் சரியும், சோளகம் வீசும், பறவை முழுக்க இந்தப் பக்கம் திரும்பும். கோடையில் விடிய வேண்டுமென்றால் ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில் இருந்து பாருங்கள். வெயில் ஏற ஏறத்தான் சோளகம் உரக்கும். விடியச் சில நாள் காற்றே இராது, நிழல் தண்ணீரில் கண்ணாடி மாதிரி விழும்.

இன்னொரு சங்கதி: களப்பு, வெட்டை, காய்ந்த குளம் எதிலும் காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு நிலம் சூடேறி ஆவி அலைபாயும். தூரத்துப் பூநாரை கூர்மையாக வராது. லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் அந்த அலையை வெட்டாது. கிட்ட இருப்பதை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் எழும்பிப் போய்ப் புட்டுச் சாப்பிடுங்கள்.

கட்டுவது

மூன்று பேருக்கு ஒன்பது அடி நீளம், ஐந்து அடி அகலம், ஐந்து அடி உயரம் போதும். தடிக்குக் காட்டில் கை வைக்க வேண்டாம், அது சட்டத்துக்குப் பிழை. வேலிக்கு நடுகிற சீமைக்கிளுவை, பூவரசு ஊரில் தாராளம். சுவரும் கூரையும் கிடுகு. உள்ளே மூன்று பக்கமும் கறுப்புத் துணி. இந்தக் கறுப்புத் துணியைத்தான் எல்லோரும் வேண்டாம் என்பார்கள், வெக்கை என்று. ஆனால் பின்சுவரில் ஒரு ஓட்டையால் வெளிச்சம் வந்தால் போதும், உங்கள் தலை அசைவது முன்ஓட்டையால் பறவைக்குப் படம் காட்டினது போலத் தெரியும். பின்பக்கம் முழு இருட்டாக இருக்க வேண்டும். வாசலுக்கு இரண்டு சீலை, ஒன்றை விலக்கி உள்ளே வந்து மூடிவிட்டுத்தான் அடுத்ததை விலக்குவது.

தறப்பாள் மலிவு, கெதியாய்க் கட்டலாம், ஆனால் நான் பாவிப்பதில்லை. காற்றுக்குப் படபடவென்று அடிக்கும் என்பது ஒரு காரணம். மற்றது, தொடக்கத்தில் ஒரு முறை தறப்பாளில் கட்டியிருந்தபோது ஆடு சாய்த்துக்கொண்டு வந்த ஆச்சி ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளையள், இருக்க வீடில்லையோ? எங்கையிருந்து இடம்பெயர்ந்து வந்தனீங்கள்?" என்று கேட்டார். அவருக்கு நாங்கள் விளக்கம் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. கேட்டுவிட்டுத் தன் பையில் இருந்த கச்சானைத் தந்துவிட்டுத்தான் போனார். அதன்பிறகு கிடுகுதான்.

லென்ஸ் ஓட்டை உங்கள் கண் மட்டத்துக்கு அல்ல, பறவையின் கண் மட்டத்துக்கு. நிலத்தில் இருந்து ஒன்றரை அடி. அதற்குத் தகுந்தபடி பலகைக்கட்டையில் பதிந்து இருங்கள். பிளாஸ்ரிக் கதிரை உயரம், கிறீச்சென்று சத்தமும் போடும். முழங்கால் நோ உள்ள ஆட்களுக்கு ஒரு ஓட்டையை மட்டும் உயர்த்தி வெட்டுவிப்பேன். வயது போனவர்கள் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தரையில் குப்புறப்படுத்து எடுக்கிற வேலை இங்கே வேண்டாம். புடையன் பாம்பு இருக்கிற நாடு. தண்ணீரில் மிதக்கிற மறைப்புக்குள் இருந்து எடுப்பதும் வெளிநாட்டில் பெயர்பெற்ற வழி, அதையும் கேட்டு வருகிறார்கள். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொட்டிலைக்கூடத் தண்ணீர் ஓரத்தில் இருந்து நல்லாய் விலக்கி, பின்பக்கம் பார்வை உள்ள இடத்தில்தான் போடுவோம்.

கட்டி முடித்தவுடன் போய் இருக்க வேண்டாம். ஒரு கிழமையாவது வெறுமையாக விட வேண்டும். பறவை அதைப் பார்த்துப் பழகட்டும். அந்த நாட்களில் ஓட்டைகளில் கறுப்புப் பூசின சோடாப் போத்தலைச் செருகிவிடுவோம். பிறகு லென்ஸ் அந்த இடத்துக்கு வந்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது. கூட்டம் விமானம் ஏற முன்னமே இந்த வேலை தொடங்க வேண்டும் என்பதால்தான், "அடுத்த கிழமை வாறம்" என்று போன் எடுக்கிறவர்களுக்கு நான் கொட்டில் சொல்வதில்லை, வாகனத்தில்தான் கூட்டிப்போவேன்.

ஆளைப் பிரிப்பது

ஆறு பேர் வந்தால் இரண்டு கொட்டில், மூன்று மூன்று பேர். புருசன் பெண்சாதியை ஒரே கொட்டிலில் இருத்துவதா என்பது அவர்களே முடிவு செய்ய வேண்டியது. என் அனுபவத்தில் வேறு வேறாக இருத்தினால் அமைதி கூட. இரண்டு கொட்டிலும் ஒன்றை ஒன்று பார்க்கக்கூடாது, ஒன்றில் இருந்து எழும்புகிறவரால் மற்றதன் பறவை கலையக்கூடாது. இடம் மாறுவது நாளுக்கு நாள்தான். நடுவில் "இப்ப நான் அந்த மூலையில இருக்கட்டோ" என்பது கிடையாது. முதல் நாளே சீட்டுக் குலுக்கிப் போட்டு மூன்று நாளுக்கும் யார் எங்கே என்று எழுதிவிடுங்கள். நல்ல மூலைக்குத்தான் நெருங்கிய சிநேகிதர்களும் கொழுவுவார்கள்.

படம் எடுக்காத ஆட்களும் கூட்டத்தில் வருவார்கள். அவர்களைக் கொட்டிலுக்குள் அடைத்துவைக்காதீர்கள். திருக்கேதீச்சரத்துக்கோ மடுவுக்கோ முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவோ அனுப்பிவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு எல்லோரும் சேரலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெண்கள் என்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கொட்டிலுக்குள் மூன்று, நாலு மணித்தியாலம் மலசலகூடம் கிடையாது. விடியத் தேத்தண்ணியைக் குறையுங்கள். தண்ணீரை அடியோடு விட்டுவிட வேண்டாம், வெக்கையில் மயங்கி விழுவீர்கள். நேரத்தோடு வெளியேற வேண்டிய தேவை உள்ளவர்களுக்கென்று வாசல் பற்றைக்குப் பின்னால் இருக்கிற கொட்டிலை ஒதுக்கலாம். முதல் நாள் இரவே சொன்னால் போதும்.

இருட்டில் போய், பறவைக்குத் தெரியாமல் இருப்பது

தை மாதம் சூரியன் ஆறரைக்குக் கிட்ட எழும்பும், ஆனியில் ஆறுக்குச் சற்று முன். அதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னால் கொட்டிலுக்குள் இருக்க வேண்டும். முன்னால் உள்ளூர் ஆள் போவார். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். யானை போன தடமா, பிண்டம் சூடா என்று அவர் பார்ப்பார். அவர் "இண்டைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான், காசு கட்டி வந்தோம் என்று நியாயம் பேசக்கூடாது.

விடிந்த பிறகு போக வேண்டி வந்தால் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கப்போகிறவர்களோடு கூடுதலாக இரண்டு பேர் சேர்ந்து போய், எல்லோரும் உள்ளே நுழைந்து, கொஞ்சத்தில் அந்த இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, தெரியத் தெரிய வெளியே நடந்து போவது. ஆள் போய்விட்டது என்று பறவை இறங்கும். கொக்குக்கும் நாரைக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். காகத்திடம் எடுபடாது. ஆக்காட்டி எப்படியும் கத்தும். அது கத்தி முடித்துத் தன் பாட்டில் மேயத் தொடங்கும் வரை லென்ஸை அசைக்காதீர்கள். மற்றப் பறவைகளும் ஆக்காட்டியின் வாயைப் பார்த்துத்தான் இருக்கும்.

வெளியேறுவதும் அப்படித்தான். பறவை கிட்ட நிற்கும்போது எழும்பி ஓடினால் அடுத்த நாள் அந்தக் கொட்டில் செத்தது. வெளியில் இருந்து ஆள் வந்து, தூரத்திலேயே தன்னைக் காட்டி, பறவை மெல்ல விலகின பிறகுதான் நீங்கள் வெளியே வருவது.

உள்ளே போன் சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் இருக்க வேண்டும். கமராவின் பின் திரை வெளிச்சம் முகத்தில் விழும், அதை அணையுங்கள். குவியத்துக்கு உதவிக்கென்று எரிகிற சிவப்பு லைட்டையும் அணையுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் நல்லது; ஆனால் சில கமராக்களில் அதால் பறக்கிற பறவையை எடுத்தால் செட்டை வளைந்து வரும், வீட்டிலேயே சோதித்துவிட்டு வாருங்கள். லென்ஸைத் திருப்புவது மணிக்கூட்டின் பெரிய கம்பி வேகத்தில். "அங்க பார், அங்க பார்" கிடையாது. பக்கத்தில் இருக்கிறவரின் முழங்காலில் தட்டி, விரலால் திசை காட்டுங்கள். சாப்பாடு வாழையிலையில் சுற்றின புட்டோ இடியப்பமோ. சரசரக்கிற பை வேண்டாம். முறுக்குக் கொண்டுவந்தவரை நான் வாசலிலேயே மறித்து வாங்கி வைத்துவிடுவேன்.

கமரா விசயம் சுருக்கமாய்

குளத்துக்கு 500, 600 மில்லிமீற்றர் லென்ஸ். 150-600 சூம் ஒன்று இருந்தால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுவே காணும். விடிய, லென்ஸுக்குள் வெளிச்சம் வருகிற துவாரத்தை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஷட்டர் வேகம் நிற்கிற பறவைக்கு 1/500 செக்கன், பறக்கிறதுக்கு 1/2000க்குக் குறைய வேண்டாம். ஐ.எஸ்.ஓ, அதாவது கமராவின் ஒளி உணர்திறன், 3200 ஏறுகிறது என்று அழாதீர்கள். அதனால் படத்தில் விழுகிற குருணியைப் பிறகு கழுவலாம், ஆட்டத்தைக் கழுவேலாது. வெள்ளைக் கொக்கு கறுத்தத் தண்ணீரில் நின்றால் கமரா ஏமாந்து வெள்ளையை எரித்துவிடும், வெளிச்ச அளவை ஒரு ஸ்ரொப் வரை, அதாவது பாதி வரை, குறையுங்கள். நீர்க்காகத்துக்கு அதற்கு மாறாய்க் கூட்டுங்கள். கலியாணவீட்டில் வெள்ளை வேட்டியையும் மணப்பெண்ணின் கூறையையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்து பழகின கைக்கு இதெல்லாம் புதிதல்ல, ஆனால் வருகிறவர்களில் பலர் தானியங்கியில் விட்டுவிட்டு நெற்றியைச் சுருக்குவார்கள்.

ஏசி அறையில் கமராவை வைத்துவிட்டு விடிய ஐந்து மணிக்கு வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் பூக்கும். அது காய்வதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். இரவே பையை மூடி, ஏசி இல்லாத விறாந்தையில் பூட்டி வையுங்கள். லென்ஸுக்கு அணையாக வைக்கிற பையை வெறும் பையாகக் கொண்டுவாருங்கள், விமானத்தில் பாரம் மிச்சம். இங்கே பயறோ நெல்லோ வாங்கி நிரப்பிவிட்டு, போகும்போது யாராவது வீட்டில் கொட்டிவிட்டுப் போகலாம். முக்காலி கொட்டிலுக்குள் காலில் இடறும்.

வாகனமும் உழவு மெசினும்

வங்காலை வெட்டையில் வாகனம்தான் கொட்டில். இறங்காதவரை பறவைக்கு அது ஒரு பெரிய மாடு. வீதியோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, வெயில் உள்ள பக்கக் கண்ணாடியை மறைத்து, மற்றப் பக்கத்துக் கண்ணாடியில் பையை வைத்து லென்ஸைச் சாத்துங்கள். எஞ்சின் ஓடினால் படம் ஆடும். ஒரு வானில் படம் எடுக்கிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். எல்லோரும் ஒரே பக்க யன்னலில் இருக்க வேண்டும் என்பதை மறந்து பத்துப் பேரை ஏற்றிவிட்டு, பாதிப் பேர் மற்றவர்களின் பிடரியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மன்னார்த் தீவுப் பக்கம் இரட்டைவால் குருவியும் கவுதாரியும் வீதியோரத்திலேயே கிடைக்கும்.

அறுவடை வயலில் இன்னும் வசதி. வெட்டு மெசினுக்குப் பின்னால் தத்துவெட்டியும் தவளையும் கிளம்பும், அதைப் பிடிக்கக் கொக்கும் பருந்தும் மெசினுக்கு ஆறேழு அடியில் வரும். மெசின்காரருக்கோ வயல்காரருக்கோ தொந்தரவு இல்லாமல், உழவு மெசின் பெட்டிக்குள் சாக்கைப் போர்த்துக்கொண்டு இருந்தால் 300 மில்லிமீற்றரே கூடிப்போகும். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிற நேரம் செம்பருந்து சுற்றும்; அதற்கு மறைப்பே தேவையில்லை. மீன்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், ஒரு கை வலை பிடித்தால் இன்னும் நல்லது.

காட்டோரச் சட்டி

கோடையில் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரத் தோட்டங்களில் தண்ணீர்ச் சட்டி வைத்து எடுப்பதுதான் கூட்டத்துக்கு அதிகம் படம் தருகிற வேலை. அகலச் சட்டியை மண்ணில் பதித்து, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல். மேலே கொப்பில் ஊசித்துளை போட்ட கான் ஒன்றைத் தொங்கவிடுங்கள். சொட்டுச் சத்தம்தான் பறவையைக் கூப்பிடும். வாயால் விசிலடிப்பதும், போனில் பறவைக் குரல் போடுவதும் வேண்டாம்; அது தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று பதைத்துத்தான் வரும்.

சட்டியில் இருந்து கொட்டிலுக்கு ஏழு மீற்றர் விடுங்கள். பெரிய 600 லென்ஸ்கள் பலதும் நாலரை மீற்றருக்குக் கிட்ட இருப்பதைப் பிடிக்காது, அதற்குள் கட்டிவிட்டால் மரகதப்புறா காலடியில் குடிக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். சட்டிக்குப் பின்னால் பத்து மீற்றருக்காவது வெளி இருந்தால் பின்புலம் பச்சையாக உருகி வரும். புறா, கொண்டைக்குருவி, சோலைபாடி, காட்டுக்கோழி என்று வெயில் ஏறின பிறகுதான் வரத் தொடங்கும். குளத்துக் கொட்டில் சும்மா கிடக்கிற பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரம் இதற்கு. ஆறுமணிக் குருவியைக் கேட்டு ஆடியில் வருகிறவர்களும் உண்டு. அது வலசைப் பறவை, ஐப்பசிக்குப் பிறகு வாருங்கள். கரடியும் தண்ணீருக்கு வரும் என்பதால் பின்னேரம் ஐந்துக்கு எல்லோரையும் வெளியே எடுத்துவிடுவேன்.

கூட்டம் போனதும் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. பறவை அதை நம்பிப் பழகியிருக்கும். மழை விழும் வரை தோட்டக்காரர் நிரப்ப ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போங்கள். கூடு கண்டால் எந்தக் கொட்டிலில் இருந்தும் எடுக்க வேண்டாம், இடத்தின் பெயரையும் படத்தோடு போட வேண்டாம்.

காசை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: காணிக்காரருக்கு எவ்வளவு, கொட்டில் கட்டினவருக்கு எவ்வளவு, விடிய முன்னால் நடக்கிறவருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. கடைசி நாள் விமான அவசரத்தில் ஒரே உறையை ஒருவர் கையில் திணித்துவிட்டுப் போனால் ஊருக்குள் சண்டை வருகிறது, அடுத்த கூட்டத்துக்குக் காணி கிடைப்பதில்லை. கிடுகையும் தடியையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவது கொட்டில் கட்டினவரின் உரிமை. அவற்றுக்கு நீங்கள் விலை கொடுத்திருந்தாலும்.